மெருகும் தழும்பும்

என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன், பிறர் பாவித்த பந்தயப் பாங்கான மோட்டார்ச் சைக்கிளொன்றை வாங்க விழைந்து என் கருத்தை வினவினான். முப்பதாண்டு பழைய ஹொண்டா சி.பி.ஆர். 400 ஆர்.ஆர்.; நான்கு உருளைகள், 399 கன சென்றிமீற்றர். அவனோ ஓட்டப் பழகி ஒரு திங்களே ஆயிற்று. ஆத்திசூடி கற்பான் கையில் தொல்காப்பியத்தைக் கொடுப்பாருளரோ? புதிதாய்ப் பழகுவோர்க்கு ஒற்றை உருளையும் 150 கன சென்றிமீற்றருமே சாலும்.

எவ்வண்டியாயினும் மெருகைப் பாராது தழும்பைப் பார்த்தல் வேண்டும். பிறேக்குப் பிடியின் நுனி உராய்ந்திருப்பின், முன்னொரு வீழ்ச்சிக்கு அது சான்றாகலாம். ரயரின் பக்கத்தில் 2318 எனக் காணின், அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்பது பொருள். சட்டக இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்தல் வேண்டும்.

அவன் தாயின் நகை அடகில் இருக்கிறது. அவள் வேண்டுவது வேகமன்று. மகன் வீடு திரும்புதலே.