மலை உச்சியில் கூடாரம் அடிக்கலாமா?

பூரணாங்குப்பத்து டீக்கடையில் இளைஞர்கள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே! முக்கூர்த்தி மலையில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கப் போகிறோம். என்னென்ன எடுத்துப் போகலாம்?" என்று கேட்டார்கள்.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு மலை மேல் ஆசை வருவது இயற்கை. ஆனால் முதல் கேள்வி வேறு. அங்கே தங்கலாமா?

நீலகிரியில் உள்ள முக்கூர்த்தி 1990-ம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் பெஞ்சும் நினைவுக்கு வரும். இது அப்படி அல்ல. வரையாடுகளின் வீடு! அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குளிரும் நெருப்பும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். முக்கூர்த்தி சிகரமோ 2,500 மீட்டருக்கு மேல். இங்கே மின்விசிறி சுழலும் இரவில், அங்கே பல் தந்தி அடிக்கும். தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரம் பிடிக்கும். நெருப்பு மூட்டக் கை பரபரக்கும். அதுதான் ஆபத்து!

2018 மார்ச் 11-ந்தேதியை மறக்க முடியுமா? தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில், மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் மேல் நோக்கிப் பாயும். மனிதனால் அதை முந்த முடியாது.

பூட்டி வைப்பதா?

அதற்காக மலையைப் பூட்டி வைப்பதும் சரி அல்ல. காட்டையே பார்க்காதவன் காட்டைக் காப்பாற்ற முன்வரமாட்டான். 2024-ல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்தது. நல்ல காரியம்.

இன்னும் ஒரு படி போகலாம். பூங்காவுக்குள் வேண்டாம், அதற்கு வெளியே, வனத்துறை காட்டும் இடத்தில் சிறு முகாம் அமைக்கட்டும். மின்விளக்கு வேண்டாம், கடை வேண்டாம், விடுதியும் வேண்டாம். விடுதி வந்தால் பின்னாலேயே கடைத்தெருவும் வந்துவிடும்! ஓர் இரவுக்குச் சிலர் மட்டும். மலைவாழ் மக்களே வழிகாட்டிகள். நெருப்பு கூடாது. குப்பையைச் சுமந்து திரும்ப வேண்டும். கோடையில் மூடிவிட வேண்டும். ஏழை மாணவனும் கட்டக்கூடிய கட்டணம் வேண்டும்.

அதுவரை, தம்பிகளே, அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். நாம் திரும்பி வரப் பூரணாங்குப்பம் இருக்கிறது. வரையாட்டுக்கு அந்த மலையை விட்டால் வேறு ஊர் ஏது?