பில் யார் பேருக்கு?

காங்கேயம், திருப்பூர் பக்கத்து வாசகர்களுக்கு ஜாப் ஒர்க் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. துணி நம்முடையது. சாயம் போட்டுத் தருவது வேறொருத்தர். வேலை முடிந்ததும் பில் நம்ம கம்பெனி பேருக்கு வரும். எத்தனை கிலோ, என்ன கலர், கிலோவுக்கு என்ன ரேட் என்று டெலிவரி சலானோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கணக்குப்பிள்ளை செக்கில் கை வைப்பார்.

தமிழ்நாட்டு அரசுக்கும் இப்படி ஒரு ஜாப் ஒர்க் நடந்திருக்கிறது. செய்து கொடுத்தது கர்நாடக அரசு. கேட்ட கூலி 12 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். வேலை, ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கை நடத்திக் கொடுத்தது.

வழக்கின் கதை எல்லோருக்கும் தெரியும். நகை, செருப்பு, புடவை, கொடநாடு என்று வருஷக்கணக்கில் பேசித் தீர்த்துவிட்டோம். பில்லைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை. "தப்புப் பண்ணுனது ஒருத்தரு, கேசு நடத்துனது இன்னொருத்தரு, காசு மட்டும் நாம கட்டோணுமா கண்ணு?" என்று என் அம்மிச்சி கேட்டார். பட்டென்று பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது.

முதலில் வழக்கு ஏன் பெங்களூருவுக்குப் போனது என்று பார்த்துவிடலாம். 1996ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்து, சென்னையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. 2001 மே மாதம் அதிமுக மீண்டும் ஆட்சிக்கு வந்தது. அதன் பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் மறுபடியும் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் முதலமைச்சர். அவர் மீது வழக்கு நடத்தும் வக்கீலுக்குச் சம்பளம் கொடுப்பது அவருடைய அரசு. நம் ஊரில் வரப்புத் தகராறில் எதிர்க்கட்சிக்காரரே நமக்கும் வக்கீல் வைத்துக் கொடுத்தால் வாய்தா எப்படி நடக்கும்? அதே கதைதான்.

திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பர் 18ம் தேதி வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. அந்த உத்தரவில் பணத்தைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அரசு வழக்கறிஞரைக் கர்நாடகமே நியமிக்க வேண்டும். அவருக்கும் உதவி வழக்கறிஞருக்கும் ஆகும் கட்டணத்தையும் செலவையும் கர்நாடகமே முதலில் கொடுக்க வேண்டும். பிறகு அதைத் தமிழ்நாட்டிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அதாவது, காசு நம்முடையது, ஆனால் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. கேட்கும்போது கோபம் வரலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. கூலி கொடுக்கிற கை நேரடியாக நீட்டினால் அந்தக் கையே கடிவாளத்தையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் இன்னொரு மாநிலத்தை நிறுத்தி, அந்தக் கயிற்றை உச்ச நீதிமன்றம் அறுத்துவிட்டது.

அறுத்த கயிற்றை மறுபடி முடிச்சுப் போடும் முயற்சியும் நடந்தது. 2014 செப்டம்பர் 27ல் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தண்டனை கொடுத்தார். மேல்முறையீடு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அங்கே வாதாட பவானி சிங்கை நியமித்து உத்தரவு போட்டது தமிழ்நாடு அரசு. அந்த நியமனம் செல்லாது, தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2015 ஏப்ரல் 27ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டே வாரத்தில், மே 11ல், உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன அரசு கர்நாடக அரசுதான்.

இனி அம்மிச்சியின் கேள்விக்கு வருகிறேன். குற்றவாளியிடம் வசூலிக்கும் அபராதத்திலிருந்தே வழக்குச் செலவை ஈடுகட்டலாம் என்று அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357வது பிரிவு சொன்னது. டி'குன்ஹா அதைப் பயன்படுத்தினார். ஜெயலலிதாவுக்கு 100 கோடி, சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவருக்கும் தலா 10 கோடி அபராதம். அதிலிருந்து 5 கோடியைக் கர்நாடகத்துக்கு வழக்குச் செலவாகக் கொடுக்கச் சொன்னார்.

அதன்பின் நடந்தது வேறு. 2016 டிசம்பர் 5ல் ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரி 14ல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தபோது, இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது என்றது. 100 கோடி அபராதமும் அதோடு போனது. அதையாவது அவருடைய சொத்திலிருந்து வசூலிக்கலாமே என்று கர்நாடகம் போட்ட மறுஆய்வு மனுவும் அதே ஆண்டு ஏப்ரலில் தள்ளுபடி. சசிகலாவும் இளவரசியும் அபராதத்தைக் கட்டி 2021 தொடக்கத்தில் வெளியே வந்தார்கள். சுதாகரன் கட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு வருஷம் சிறையில் இருந்துவிட்டு 2021 அக்டோபரில் வெளியே வந்தார். (பத்துக் கோடிக்கு ஒரு வருஷம் என்றால் மாதத்துக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும்.)

2025 பிப்ரவரியில் 27 கிலோ நகையும் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் ஆவணங்களும் பெங்களூருவிலிருந்து தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தன. டிவியில் எல்லோரும் ஒட்டியாணத்தைத்தான் பார்த்தோம். பெட்டியோடு பில்லும் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். செலவு என்று கர்நாடகம் கேட்டது 12 கோடி. அபராதத்திலிருந்து கொடுக்கச் சொன்னது 5 கோடி. நடுவில் உள்ள 7 கோடி, நீங்களும் நானும் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரி.

ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஆயுதக் கொள்முதல் ஊழல் வழக்கில் ஜேக்கப் ஜுமாவின் தரப்பு வக்கீல்களுக்கே அந்நாட்டு அரசு பல ஆண்டுகள் ஃபீஸ் கட்டியது. எதிர்க்கட்சிகள் நீதிமன்றம் போயின. அப்படிக் கட்டியதற்குச் சட்டத்தில் இடமில்லை, கொடுத்ததைத் திரும்ப வசூலியுங்கள் என்று 2018 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. நம் கதையில் அரசு காசு கொடுத்தது குற்றம் சாட்டும் தரப்புக்கு. அதனால் கொடுத்தது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. அங்கே எவ்வளவு போனது, யார் உத்தரவில் போனது என்று அரசைக் கேட்டுக் கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வேலை நமக்கும் உண்டு.

கேட்க வழி இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். சென்னை தலைமைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். தவறான துறைக்குப் போனால் ஐந்து நாளில் சரியான துறைக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் மூன்று. 2003 உத்தரவின்படி கர்நாடகத்துக்கு இதுவரை எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது? அந்த பில்லில் வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, மற்ற செலவு எவ்வளவு? மூவரின் அபராதத்திலிருந்து அதில் எவ்வளவு ஈடுகட்டப்பட்டது? கவரில் முகவரி எழுதியாயிற்று. காங்கேயம் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டு, ரசீதை எடுத்து வைக்க வேண்டும்.