நகரம் கொடுத்ததை மாநிலம் பறித்தது: மினியாபொலிஸ் மேயர் தேர்தல்

2025 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், அங்கே ஜனநாயகக் கட்சியாகச் செயல்படும் டி.எஃப்.எல் கட்சியின் நகர மாநாடு, சோமாலிய வம்சாவளியைச் சேர்ந்த ஒமர் ஃபத்தேஹை மேயர் பதவிக்கான தன் வேட்பாளராக அங்கீகரித்தது. மினசோட்டா மாநில செனட்டுக்குத் தேர்வான முதல் முஸ்லிம் அவர். ஆகஸ்ட் 21 அன்று கட்சியின் மாநிலக் குழு அந்த அங்கீகாரத்தை ரத்து செய்தது.

இந்த அங்கீகாரம் தேர்தலில் நிற்பதற்கான 'சீட்' அல்ல. அந்நகரில் மேயர் பதவிக்கு முதற்கட்டத் தேர்தல் கிடையாது. வாக்காளர் மூன்று பேரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். ஒரே கட்சிக்காரர்கள் பலரும் போட்டியிடலாம். அங்கீகாரம் பெற்றவருக்குக் கட்சியின் பெயர், வாக்காளர் விவரங்கள், தொண்டர் பலம் ஆகியவை கிடைக்கும். அதை வழங்குவது வட்டாரக் கூட்டங்களில் தேர்வான பிரதிநிதிகள். 60 சதவீத ஆதரவு வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுவதும் அரங்கில் உட்கார முடிந்தவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டு வேலை பார்க்கும் குடும்பத் தலைவரால் அது எளிதல்ல.

ரத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யல்ல. மின்னணு வாக்கெடுப்பின் முதல் சுற்றில் 170-க்கும் மேற்பட்ட வாக்குகள் எண்ணப்படாமல் விடுபட்டன. அதனால் ஒரு வேட்பாளர் தவறாக வெளியேற்றப்பட்டார். எனவே இதை முஸ்லிம் வேட்பாளருக்கு எதிரான சதி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆனால் தவறு நடந்தால் மறுபடி வாக்கெடுப்பதுதானே முறை? அதற்கு மாநிலக் குழு இடம் தரவில்லை. மேயர் பதவிக்கு யாருக்குமே அங்கீகாரம் இல்லை என்றாகிவிட்டது. பதவியில் இருந்த மேயர் ஜேக்கப் ஃப்ரேக்கு அது போதுமானதாக இருந்தது.

நகரத்தின் கை கட்டப்பட்ட இன்னொரு விவகாரமும் அங்கே உண்டு. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸார் பிடியில் கொல்லப்பட்டபோது, மினியாபொலிஸ் போலீஸாரில் மிகப் பெரும்பாலோர் அந்நகரில் குடியிருப்பவர்களே அல்லர் என்பது பேசுபொருளானது. நகர ஊழியர் நகரிலேயே வசிக்க வேண்டும் என்று விதிக்க அரசியல் சாசனத்தில் தடையில்லை. ஃபிலடெல்ஃபியா தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கில் 1976-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. தடை மாநிலத்தில் இருக்கிறது. 1999-இல் மினசோட்டா சட்டமன்றம் அந்த அதிகாரத்தை மினியாபொலிஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மிச்சிகனும் 2013-இல் விஸ்கான்சினும் இதேபோலச் சட்டம் இயற்றின. மில்வாக்கியில் 1938 முதல் இருந்த விதி அப்படித்தான் முடிவுக்கு வந்தது.

தொழிற்சங்கங்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். எங்கே குடியிருப்பது என்பது குடும்பத்தின் உரிமை. நகர வாடகையைச் சம்பளம் தாங்காது என்கிறார்கள். விதி இருந்தால் மட்டும் உறவு மலர்ந்துவிடும் என்றும் இல்லை. விதி இன்றும் உள்ள சிகாகோவில் போலீஸார் பலர் நகர எல்லையோரப் பகுதிகளிலேயே கூட்டமாகக் குடியிருக்கிறார்கள். இருந்தாலும் சீடர்-ரிவர்சைட் போன்ற சோமாலிய முஸ்லிம்கள் நிறைந்த பகுதிக்கு இதில் நேரடி நலன் உண்டு. நகர வேலை நகரவாசிக்கே என்றானால், வரி கட்டும் தெருவின் பிள்ளைகளுக்கே அந்தச் சம்பளம் போய்ச் சேரும். இதை முடிவு செய்யும் அதிகாரம்தான் மேயரிடமோ நகர மன்றத்திடமோ இல்லை.

நவம்பர் தேர்தலில் ஃப்ரே, இரண்டாம் சுற்று எண்ணிக்கையில் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி வென்றார். அங்கீகாரம் நிலைத்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று ஃபத்தேஹின் ஆதரவாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இல்ஹான் உமர் 2016-இல் முதல்முறை வென்றபோது கட்சி மாநாடு யாரையுமே அங்கீகரிக்கவில்லை. முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்களிடம் நேரடியாகப் போய், 1972-இல் முதன்முதலாகத் தேர்வாகி அந்தத் தொகுதியை விடாது வைத்திருந்தவரைத் தோற்கடித்தார்.

மேயர் ஆகாத ஃபத்தேஹ் மாநில செனட்டராகத் திரும்பினார். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற முடிந்த அவை அதுதான்.