பம்பிக்குப் பதிலாகப் பம்பி

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, காரின் எஞ்சின் முடிந்துவிட்டது. பெற்றோல் பம்பி பழுதாகித்தான் இப்படி நடந்ததென்று கராஜில் சொல்கிறார்கள்" என்றான். இரண்டு வருடச் சேமிப்பில் அவன் வாங்கிய பழைய சுபாரு இம்பிரெசா அது. டர்போ பொருத்திய டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. ரகம். வாங்கிய சில மாதங்களிலேயே ஒரு கராஜில் கொடுத்து டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, பெரிய இன்ஜெக்டர்களையும் "மேம்படுத்திய" எரிபொருள் பம்பியையும் பொருத்திக்கொண்டான். 401 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு லொறியை முந்துவதற்காக முழு வேகத்துக்கு அழுத்தியபோது எஞ்சின் ஒரு கணம் தயங்கியதாம். அடுத்த கணம் உள்ளே சல்லி போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். பின்னால் நீலப் புகை. பின்னே வந்த லொறிச் சாரதி விழிப்பாக இருந்தபடியால் என் மருமகன் உயிரோடு வீதியோரம் ஒதுங்கினான்.

அரசியலை எழுதிக்கொண்டிருந்தவர் ஏன் பெற்றோல் பம்பிக்குள் இறங்கிவிட்டார் என்று வழக்கமான வாசகர்கள் எண்ணக்கூடும். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கலை எங்கெல்லாம் செழிக்கிறது என்பதனை நாற்பது வருடங்களாகப் பார்த்துவந்த எனக்கு, இதுவும் பழகிய துறையாகவே தெரிகிறது.

நான் அறிந்த முதல் எரிபொருள் பம்பி, எங்கள் வீட்டு மொறிஸ் மைனரின் எஸ்.யூ. பம்பி. திறப்பைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று அடிக்கும். சில நாட்களில் அடிக்காது. அப்பா எஞ்சின் மூடியைத் திறந்து ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவார். மீண்டும் அடிக்கத் தொடங்கும். நடுவழியில் பெற்றோல் வராவிட்டால் கார் இருமிவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

அழுத்தம் கூட்டப்பட்ட டர்போ எஞ்சின் அப்படி மரியாதையாக நிற்பதில்லை. காற்று உள்ளே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடான பெற்றோல் மட்டும் வருவதில்லை. டர்போ எஞ்சினில் பெற்றோல் எரிவதற்கு மட்டுமன்றி, எரியும் அறையைக் குளிர்விக்கவும் உதவுகிறது. அது குறைந்தால் வெப்பம் ஏறி, கலவை தன்பாட்டில் வெடிக்கிறது. சில விநாடிகள் போதும், பிஸ்டனில் வளையங்கள் அமரும் விளிம்பு உடைந்துவிடும். எரிபொருள் அழுத்தம் விழுந்துவிட்டதென்பது எஞ்சினை ஆளும் கணினிக்கும் தெரியாது. இவ்வகைப் பழைய கார்களில் அந்த அழுத்தத்தை அளக்கும் உணரியே கிடையாது. அழுத்தம் சரியாக இருக்கிறதென்ற நம்பிக்கையில் அது இன்ஜெக்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

இங்கே கணக்கு ஒன்றிருக்கிறது. சாதாரண நிலையில் எரிபொருள் அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்வோம். டர்போ 1.5 பார் தள்ளும்போது, பம்பி 4.5 பார் அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்ய வேண்டும். அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பியும் தரும் அளவு குறையும். பெட்டியில் "மணிக்கு 255 லீற்றர்" என்று அச்சிட்டிருப்பது, குறிப்பிட்ட ஓர் அழுத்தத்திலும் 13.5 வோல்ட் அளவிலான மின்னிலும் கிடைத்த அளவு மாத்திரமே. பெரிய பம்பி அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. பழைய மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் இறங்குகிறது. பம்பி மெதுவாகச் சுழல்கிறது. எத்தனோல் கலந்த ஈ85 எரிபொருளுக்கு மாறினாலோ சுமார் 30 வீதம் கூடுதலாகப் பாய வேண்டும். தொட்டியில் எரிபொருளைக் குறைவாக வைத்தே ஓடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: தன்னைச் சூழ்ந்த பெற்றோலால் குளிரும் பம்பி வெறுமையில் சூடாகித் தேய்கிறது. போதாக்குறைக்குப் பெயர்பெற்ற பம்பிகளின் போலிகள் இணையச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன.

இவற்றில் எது என் மருமகனின் காரைக் கொன்றது? கராஜ்காரர் பம்பி என்றார். பம்பியை விற்றவர், பொருத்தியவரின் தவறு என்றார். அவன் பம்பியைக் கழற்றி வேறொருவரிடம் கொண்டுபோய் மேசையில் வைத்துச் சோதித்தான். பம்பி நன்றாகவே வேலை செய்தது. தொட்டிக்குள் பம்பியையும் வெளியேறும் உலோகக் குழாயையும் இணைக்கும், ஒரு சாண் நீளமும் இல்லாத இறப்பர் குழாய்தான் நீளவாக்கில் வெடித்திருந்தது. எரிபொருளில் மூழ்கிக் கிடப்பதற்கென்று ஜே30ஆர்10 என்ற தரத்தில் தனிக் குழாய் உண்டு. இது வெளியே பாவிக்கும் சாதாரணக் குழாய். உள்ளே பெற்றோலைத் தாங்கும், வெளிப்புறமும் பெற்றோலில் ஊறினால் தாங்காது. கார் நிதானமாக ஓடும்போது மிஞ்சும் பெற்றோல் எப்படியும் தொட்டிக்கே திரும்புவதால், இந்த ஒழுக்கு வெளியில் தெரியவில்லை. முழு அழுத்தம் கேட்ட அன்றுதான் தெரிந்தது.

சில டொலர் குழாய்க்காக ஓர் எஞ்சின்! விற்றவர் நல்ல மனதோடு சொன்னாராம், வேண்டுமானால் புதிய பம்பி ஒன்று தருகிறோம் என்று. உத்தரவாதம் பம்பிக்கு மட்டும்தானே.

தொழிற்சாலைப் பம்பிகளும் பழுதாகாமல் இல்லை. டென்சோ தயாரித்த பம்பிகளின் பிளாஸ்டிக் சுழலி எரிபொருளை உறிஞ்சி வீங்கிச் சிக்கிக்கொண்டதால், டொயோட்டா 2020 இல் உலகெங்கும் 50 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திருப்பி அழைத்தது. ஹொண்டா 2023 டிசம்பரில் சுமார் 45 இலட்சம் வாகனங்களை அழைத்தது. குறையை ஒப்புக்கொள்ள வைக்கவும் பழுதுபார்க்க வைக்கவும் அங்கே சட்டம் உண்டு, பதிவேடு உண்டு. மேம்படுத்திய பம்பியை யார் எத்தனை பேருக்கு விற்றார், எத்தனை நின்றன என்று எவர் எண்ணுகிறார்? "போட்டிப் பாவனைக்கு மட்டும்" என்ற ஒரு வரியைப் பெட்டியில் அச்சிட்டு, பொது வீதியில் ஓடும் காருக்கென்று தெரிந்தே விற்பவர்களை என்னால் நேர்மையான வியாபாரிகள் என்று சொல்ல முடியவில்லை.

வேகத்தை விரும்பும் இளைஞர்களைக் கடிந்துகொள்வது சுலபம். என் தங்கை அதைத்தான் செய்கிறாள். என் கோபம் வேறிடத்தில். குதிரைவலுவைக் கூட்டிக் காசு வாங்குபவர், முழுச் சுமையில் எரிபொருள் அழுத்தத்தை அளந்து, அந்தத் தாளையும் காரோடு கையளிக்க வேண்டும். டர்போவின் அழுத்தம் ஏறிய அளவுக்கு எரிபொருள் அழுத்தமும் ஏறுகிறதா என்று பார்க்க ஓர் உணரியும் பத்து நிமிடமும் போதும். அது விழுந்தால் டர்போவைத் தானாக அடக்கிவிடும் ஏற்பாடு இன்றைய மாற்றுக் கணினிகளில் இருக்கிறது. கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டுமென்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

கராஜ்காரர் எஞ்சினுக்கு ஒரு சதமும் தரவில்லை. வழக்குக்குப் போக என் மருமகனுக்குப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. கடன் வாங்கி எஞ்சினைத் திருத்தி எடுத்துவிட்டான். பழைய பம்பியைத்தான் மறுபடியும் பொருத்தியிருக்கிறான். குழாயும் கம்பியும் புதியவை. முன்கண்ணாடிக்குக் கீழே எரிபொருள் அழுத்தமானி ஒன்று இருக்கிறது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.