அளவில்லாச் சரக்கு, அளவுள்ள வயிறு

"கப்பல் டிக்கெட் போட்டாச்சு, ட்ரிங்ஸ் பேக்கேஜ் வாங்கலாமா வேண்டாமா?"

போன ரெண்டு மாசத்துல இந்தக் கேள்வியை மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. அமெரிக்காவுல பொட்டி தட்டுற நம்ம பசங்களுக்கு லீவுன்னா ஒண்ணு ஊருக்குப் போகணும், இல்லன்னா மயாமியோ கால்வெஸ்டனோ போய் கரீபியன் கப்பல் ஏறணும்னு ஆயிடுச்சு. நானும் தங்கமணியும் நாலு ஜோடியா ஒரு தடவை போய்ட்டு வந்ததுல இருந்து நம்மளை ஏதோ மாலுமி ரேஞ்சுக்கு நினைச்சு சந்தேகம் கேக்குறாங்க. தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா இங்க.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். நம்ம வீட்டுத் தம்பதிகள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வேண்டாம். நான் ஒண்ணும் குடிக்காத உத்தமன் இல்ல. சாயங்காலம் ரெண்டு பீர் அடிக்கிற ஆளு. அதனாலதான் சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கப்பல்ல சாப்பாடு டிக்கெட்லயே அடக்கம். தண்ணி, சாதாக் காபி, டீ, லெமனேட் எல்லாம் சும்மாவே கிடைக்கும். பீர், வைன், காக்டெயில், பாட்டில் தண்ணி, கோக், லாட்டே மாதிரி ஸ்பெஷல் காபி இதுக்கெல்லாம் தனிக்காசு. இதையெல்லாம் சேர்த்து "ஒரு நாளைக்கு இவ்வளவு கட்டுங்க, இஷ்டத்துக்குக் குடிங்க"ன்னு விக்கிறதுதான் பேக்கேஜ். ஒரு நாளைக்கு மட்டும் வாங்க முடியாது, மொத்தப் பயணத்துக்கும் வாங்கணும். அதுக்கு மேல 18ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் சர்வீஸ் சார்ஜ் போடுவாங்க. விளம்பரத்துல பெரிய எழுத்துல இருக்குற விலைல இது இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். அதனால ஒரு எடுத்துக்காட்டு விலையை வச்சுப் பார்ப்போம். நீங்க உங்க கப்பலோட விலையைப் போட்டுக்குங்க.

பேக்கேஜ் ஒரு நாளைக்கு 75 டாலர். சர்வீஸ் சார்ஜ் 18 சதவீதம். ஆக 88.50. ஏழு ராத்திரிக்கு 619.50. ஒரு கிளாஸ் மது சராசரியா 12 டாலர்னு வைங்க. அதுக்கும் அதே 18 சதவீதம் உண்டு, அதனால ரெண்டு பக்கமும் அதை அடிச்சுட்டு 75ஐ 12ஆல வகுத்தாப் போதும். 6.25 வருது. அதாவது தினமும் ஆறு கிளாஸ் குடிச்சுட்டு ஏழாவது கிளாஸைத் தொடும்போதுதான் போட்ட காசு திரும்பும். காலைல ஒரு லாட்டே, நடுவுல ஒரு கோக், ஒரு பாட்டில் தண்ணின்னு ஒரு 12 டாலரைக் கழிச்சாலும் அஞ்சேகால் கிளாஸ். ஒரு நாள் இல்ல, ஏழு நாளும்.

"மச்சி, லீவுல அஞ்சு ஆறெல்லாம் சாதாரணம்டா"ன்னு சொல்றீங்களா? இருங்க, இன்னும் மெயின் மேட்டருக்கே வரலை.

கார்னிவல், ராயல் கரீபியன் ரெண்டு கம்பெனிலயும் ஒரு விதி இருக்கு. ஒரே ரூம்ல தங்குற ஒரு ஆள் மது பேக்கேஜ் வாங்கினா, அந்த ரூம்ல இருக்குற, குடிக்கிற வயசுள்ள மத்த எல்லாரும் வாங்கணும். அமெரிக்காவுல இருந்து கிளம்புற கப்பல்ல அந்த வயசு 21. இந்த விதி இல்லன்னா ஒருத்தர் வாங்கி ரூம்ல எல்லாருக்கும் ஊத்திடுவாருன்னு அவங்களுக்குப் பயம். பயம் நியாயமானதுதான். ஆனா அதோட பில்லு யார் தலைல வந்து விழுது?

நம்ம தலைலதான். எங்க நாலு ஜோடில எட்டுப் பேர். அதுல குடிக்கிறவங்க மூணே பேர். நாங்க கலந்து பேசினப்போ தங்கமணி ஒரு கேள்வி கேட்டாங்க: "நான் குடிக்காததுக்கு நான் எதுக்குங்க காசு கட்டணும்?" அந்தக் கேள்விக்கு இன்னி வரைக்கும் ஒரு நல்ல பதிலை நான் எங்கயும் பார்க்கலை.

ரெண்டு பேருக்குக் கட்டினா 1,239 டாலர். தங்கமணியோட காபி, மாக்டெயில், கோக் எல்லாத்துக்கும் நாளைக்கு 18 டாலர் கழிச்சுக்குங்க. ரங்கமணியோட லாட்டேயும் கோக்கும் 9 டாலர், அதையும் கழிச்சுக்குங்க. மிச்சத்தைக் குடிச்சே சமன் பண்ணணும்னா ரங்கமணி தினமும் பத்து கிளாஸுக்கு மேல உள்ள தள்ளணும். அமெரிக்கக் கணக்குல ஒரு கிளாஸ்னா 44 மில்லி பிராந்தி விஸ்கி சமாச்சாரம், இல்லன்னா 355 மில்லி பீர். பத்து கிளாஸ்னா 440 மில்லி. நம்ம ஊர்க் கணக்குல கிட்டத்தட்ட ரெண்டரைக் குவார்ட்டர். தினமும். வாரம் பூரா. இதுக்குப் பேரு உல்லாசப் பயணமாம்!

நாங்க ரெண்டு பேரும் வாங்கலை. எடுத்துக்காட்டு விலைலயே பாருங்க. எனக்கு ரெண்டு பீர் 18, லாட்டே 5, கோக் 4. ஆக 27. தங்கமணிக்குக் காபி 5, மாக்டெயில் 9, கோக் 4. ஆக 18. மொத்தம் 45, சார்ஜோட 53.10. ஏழு நாளைக்கு 371.70. பேக்கேஜை விட 867 டாலர் கம்மி. அந்தக் காசுக்கு ஊருக்குப் போக ஒரு ஆளோட ஒருவழி டிக்கெட்டாவது தேறும்.

நம்ம ஊர் மெஸ்ல அன்லிமிடெட் மீல்ஸ் போர்டு பார்த்திருப்பீங்க. நாம எவ்வளவு சோறு தின்போம்னு நமக்குத் தெரியாது. ஆனா கல்லாவுல உக்காந்திருக்குற அண்ணாச்சிக்குத் தெரியும். ஒருத்தன் நாலு தட்டு கட்டுவான், ஒன்பது பேர் ஒன்றரைத் தட்டோட எந்திரிச்சுடுவாங்க. விலை சராசரிக்குப் போட்டது. கப்பல் கம்பெனியும் அப்படித்தான், என்ன, அவங்ககிட்ட பல லட்சம் பயணிகளோட கணக்கு இருக்கு. நம்மகிட்ட இருக்குறது "இந்தத் தடவை நல்லா என்ஜாய் பண்ணணும்"ங்கிற நினைப்பு மட்டும்தான். இந்தப் பெரிய கம்பெனிகளோட வருமானத்துல சுமார் 30 சதவீதம், டிக்கெட் இல்லாம, கப்பலுக்குள்ள நாம பண்ற செலவுல இருந்துதான் வருது. மது, சூதாட்டம், கரையில சுத்திக் காட்டுறது எல்லாம் அதுல அடக்கம். தரும சிந்தனைல யாரும் பேக்கேஜ் போடலை.

இந்த "மொத்தமாக் கட்டிடலாம்" ஆசை கப்பலுக்கு மட்டும் சொந்தம் இல்ல. 2006ல டெல்லாவிக்னா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல மூணு ஜிம்களோட கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. மாசம் 70 டாலருக்கு மேல கட்டின ஆளுங்க, போன ஒவ்வொரு தடவைக்கும் சராசரியா 17 டாலருக்கு மேல குடுத்திருக்காங்க. அதே ஜிம்ல பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர்தான். நாளைக்கு நாம எப்படி இருப்போம்ங்கிற கணிப்புல மனுஷன் எப்பவுமே கொஞ்சம் ஓவர்தான். நம்ம பிராஜக்ட் எஸ்டிமேட் மாதிரி :-)

ஆனா ஜிம்முக்கும் பேக்கேஜுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இந்தப் பதிவே அதுக்காகத்தான். ஜிம்முக்குக் கட்டின காசை எடுக்கணும்னு ஒருத்தன் தினமும் போனா உடம்பு தேறும். பேக்கேஜுக்குக் கட்டின காசை எடுக்கணும்னு ஒருத்தன் இறங்கினா உடம்பு போகும். கம்மியாக் குடிச்சா காசு நஷ்டம். காசை எடுக்கக் குடிச்சா ஈரல் நஷ்டம். ஜெயிக்கிறதுக்கு வழியே ரொம்பக் குறுகலா வச்சிருக்குற ஆட்டம் இது.

எங்க குரூப்ல ஒரு ஜோடி வாங்கினாங்க. நண்பன் நல்லவன், ஊர்ல இருக்கும்போது மாசத்துக்கு ரெண்டு தடவை குடிச்சா அதிகம். கப்பல்ல மூணாம் நாள்ல இருந்து அவனுக்கு அது வேலை மாதிரி ஆயிடுச்சு. காலைல பதினோரு மணிக்கு வேண்டாத பீரைக் கைல வச்சுக்கிட்டு "இன்னும் ரெண்டு போட்டாத்தான் இன்னைக்கு டேலி ஆகும் மச்சி"ங்கிறான். கோசுமெல்ல கப்பல் நின்னப்போ அருமையான கடற்கரை, எல்லாரும் தண்ணில கிடக்குறோம். இவன் மட்டும் மூணு மணிக்கே கிளம்பிட்டான். ஏன்னா ஊருக்குள்ள இருக்குற பார்ல பேக்கேஜ் செல்லாது, கப்பல்ல செல்லும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கிடுவான். அவன் மனைவி எங்களோட உக்காந்து தனியா ஷோ பார்த்தாங்க. அவங்க பேருக்கும் கட்டின பேக்கேஜ்ல அவங்க குடிச்சது ஆரஞ்சு ஜூஸ். ஒரு நாள் அவங்க சிரிச்சுக்கிட்டே "இந்த ஜூஸ் எவ்வளவுன்னு தெரியுமா? எண்பத்தெட்டு டாலர்"னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அவன் சிரிக்கலை.

ஓசில கிடைச்சா பினாயிலையும் குடிப்பான்னு நம்ம ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க. இங்க அது ஓசி கூட இல்ல. காசு கட்டிட்டு ஓசின்னு நினைச்சுக் குடிக்கிறது.

இன்னொரு எண்ணைப் பாருங்க. கார்னிவலோட சியர்ஸ் பேக்கேஜ்ல 24 மணி நேரத்துக்கு 15 மது கிளாஸ்னு உச்ச வரம்பு வச்சிருக்காங்க. அமெரிக்க அரசாங்கத்தோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஆண்கள் வாரத்துக்கு 15 கிளாஸ் இல்ல அதுக்கு மேல குடிச்சா அதை மிதமிஞ்சின குடின்னு சொல்லுது. பெண்களுக்கு 8. அதாவது டாக்டர்கள் ஒரு வாரத்துக்கு அபாயம்னு கோடு போட்ட எண்ணிக்கை, இங்க ஒரு நாளைக்கான எல்லைக்கோடு. 15 கிளாஸ்னா மூணரைக் குவார்ட்டருக்கு மேல. வரம்பு வச்சது நல்லதுதான், இல்லைங்கலை. ஆனா அந்த வரம்பு எங்க இருக்குன்னு பார்த்தா இந்தச் சரக்கு எப்படிப்பட்ட ஆளை மனசுல வச்சு விக்கப்படுதுன்னு புரியும்.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுடுவோம்.

ஒண்ணு, "மன நிம்மதிப்பா. ஒவ்வொரு தடவையும் ரசீதைப் பார்த்து வயிறெரிய வேண்டாம்." இதுல நியாயம் இருக்கு. ஆனா நிம்மதிக்கு வேற வழியும் இருக்கு. ஏறின அன்னைக்கே கப்பல் கணக்குல குடிக்கிறதுக்குன்னு ஒரு 400 டாலரை மனசுல ஒதுக்கிடுங்க, இல்லன்னா கவுண்டர்ல ரொக்கமாவே கட்டி வைங்க. அது தீருற வரைக்கும் விலையே பார்க்க வேண்டாம். மிச்சமானா உங்க காசு உங்களுக்கே. பேக்கேஜ்ல மிச்சம்னு ஒண்ணு கிடையாது.

ரெண்டு, ரெண்டு பேரும் உண்மையாவே குடிக்கிறவங்க, நாளைக்கு ஆறு கிளாஸ்ங்கிறது அவங்களுக்குப் பழக்கம், கப்பலும் பாதி நாள் துறைமுகத்துல நிக்காம நடுக்கடல்லயே போகுது. அவங்களுக்குக் கணக்குப்படி லாபம்தான். உடம்பைப் பத்தி அவங்ககிட்ட நான் பேச வரலை, அது அவங்க பாடு.

மூணு, பிரின்சஸ் கம்பெனியோட பிளஸ் மாதிரி, இணைய வசதி, ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் சேர்த்து விக்கிற பேக்கேஜ். அதுல டிப்ஸையும் இணையத்தையும் எப்படியும் கட்டப் போறீங்கன்னா, அதைக் கழிச்சுட்டு மீதிக்குக் கணக்குப் போடணும். சில சமயம் தேறும்.

வாங்கியே தீருவேன்னா இதையாவது பண்ணுங்க. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்குங்க, ஏறினதுக்கப்புறம் பொதுவா விலை கூட. ராயல் கரீபியன்ல முன்கூட்டி வாங்கினதைப் பயணத்துக்கு முன்னாடி ரத்து பண்ணிட்டு, விலை இறங்கினா திரும்ப வாங்கலாம். ரூம்ல ஒருத்தர் குடிக்காதவர்னா, குறிப்பா கர்ப்பமா இருக்காங்க, மருந்து சாப்பிடறாங்கன்னா, போன் போட்டு அவங்களுக்கு மது இல்லாத பேக்கேஜா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. கேட்டாத்தான் கிடைக்கும். வாங்காதவங்களுக்கு ஒண்ணு: கார்னிவல், ராயல் கரீபியன் ரெண்டுலயும் ஏறுற அன்னைக்கு ஒரு ஆளுக்கு ஒரு 750 மில்லி வைன் பாட்டில் கைல கொண்டு போக விடுவாங்க. பால்கனில உக்காந்து ரெண்டு சாயங்காலம் ஓட்டலாம்.

ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை. வாங்கற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி வீட்ல குடிக்காத ஆளுகிட்ட "இவ்வளவு ஆகுது, இதுல பாதி உன் பேருல, சரியா?"ன்னு எண்ணைச் சொல்லிக் கேளுங்க. "பேக்கேஜ் போட்டுட்டேன்"னு தகவலாச் சொல்றது வேற, கேக்குறது வேற. நம்ம வீடுகள்ல அவங்க பாதிப் பேர் "சரி, ஆசைப்படுறாரு"ன்னு பேசாம இருந்துடுவாங்க. அந்த மௌனத்தைத்தான் கம்பெனி ரெண்டாவது பேக்கேஜா வித்துக்கிட்டு இருக்கு.

வர்ட்டா...