கியர் சைக்கிளில் மலை ஏறப் போறீங்களா? முழங்காலைக் காப்பாற்றும் 6 விஷயங்கள்!

திருவண்ணாமலையில் கியர் சைக்கிள் வாங்குபவர்களுக்குக் கிரிவலப் பாதைதான் முதல் ரூட். 14 கி.மீ. தூரம், பெரும்பாலும் சமதரை. கூட்டமில்லாத அதிகாலையில் ஒரே கியரில் மிதித்தே ஒரு சுற்று வந்துவிடலாம்.

அந்தத் தைரியத்தில் போளூர் தாண்டி, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ரோட்டில் ஏறும்போதுதான் சிக்கல். 21 கியர் இருந்தும் பாதி வழியில் மூச்சு முட்டும், மறுநாள் முழங்கால் வலிக்கும். பலரும் காலில் பலமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கியர் போட்ட விதத்தில்தான்!

உள்ளே என்ன நடக்கிறது?

21 கியர் சைக்கிளில் பெடல் பக்கம் 3 பல்சக்கரங்கள், பின்சக்கரத்தில் 7. பொதுவாக இடது கை லீவர் முன்பக்கத்தையும், வலது கை லீவர் பின்பக்கத்தையும் மாற்றும்.

முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 3 சுற்று சுற்றும். 26 இன்ச் சக்கரமென்றால் 6 மீட்டருக்கு மேல் போகலாம். அதுவே முன்னால் 24, பின்னால் 28 என்றால் 2 மீட்டர்கூட நகராது. ஆனால், கால் தாங்க வேண்டிய பாரமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும். ஆக, ஏற்றத்துக்கு முன்னால் சின்னது, பின்னால் பெரியது. இதை மனதில் வைத்தால் போதும்.

உலகப் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-ல்தான் இப்படிச் செயினை நகர்த்தும் கியருக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன், வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். நமக்கு ஒரு 'க்ளிக்' போதும்!

எப்படி மாற்றுவது?

1. ஏற்றத்துக்கு முன்பே மாற்றுங்கள். கால் திணறிய பிறகு மாற்றினால் செயின் சிக்கும். முக்கியமாக, முன்பக்கப் பல்சக்கரத்தைச் சமதரையிலேயே சின்னதுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

2. அழுத்தி மிதித்தபடி மாற்றாதீர்கள். ஒரு நொடி அழுத்தத்தைக் குறைத்து, பெடலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். 'கரகர' சத்தம் எச்சரிக்கை. செயின் கழன்றால் மாட்டிவிடலாம். மலையில் அறுந்தால் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம்.

3. செயினைக் குறுக்கே ஓடவிடாதீர்கள். முன்னாலும் பெரியது பின்னாலும் பெரியது, அல்லது இரண்டும் சின்னது என்று போட்டால் செயின் கோணலாக ஓடிச் சீக்கிரம் தேயும்.

4. எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று மிதிக்க முடிந்தால் சரியான கியர். 50-க்குக் கீழே போனால் இன்னும் லேசான கியருக்கு மாறுங்கள். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

5. உட்கார்ந்தே ஏறுங்கள். ஜல்லி, மண் பாதையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பை இழந்து வழுக்கும். சீட்டின் முன்பக்கம் நகர்ந்து, உடம்பை லேசாக முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

6. இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் உஷார். நாம் சாலையின் இடதுபுறம் போகிறோம். அதனால் இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம் நம்முடையது. அங்கேதான் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள். எதிரே பஸ் வரலாம், வலப்பக்கம் ஒதுங்க வேண்டாம்.

வளரும் பிள்ளைகளுக்கும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இது கூடுதல் முக்கியம். ஏற்கெனவே மூட்டுவலியோ, இதயப் பிரச்னையோ இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே மலைப் பக்கம் போங்கள்.

முதலில் ஊருக்குள், வண்டி குறைவாக ஓடும் நேரத்தில், ஒரு மேம்பாலத்தில் நாலு முறை ஏறி இறங்கிப் பழகுங்கள். கை தானாக லீவரைத் தேடும் பழக்கம் வந்த பிறகு ஜவ்வாது மலைக்குக் கிளம்பலாம். அப்படியும் முடியாத ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் நாளைக்கும் வேண்டுமே!

(அடுத்த வாரம்: மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிப்பது எப்படி?)