சக்கரம் விற்பது அலங்காரப் பொருள் விற்பதல்ல

முன்பெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் சக்கரத்தைப் பற்றித் தனியாக யோசித்ததில்லை. டயர் தேய்ந்தால் டயர் மாற்றுவார்கள். ரிம் வளைந்தால் பெண்டு எடுப்பார்கள். அதோடு சரி. இன்று நிலைமை மாறிவிட்டது. காருக்கும் ஜீப்புக்கும் நடுவில் நிற்கிற, கிராஸ்ஓவர் என்று சொல்லப்படும் உயரமான வண்டிகள் ஊரெங்கும் பெருகியுள்ளன. கிரெட்டா, செல்டோஸ், பிரெஸ்ஸா, டைகூன், எக்கோஸ்போர்ட் என்று பெயர்கள் நீள்கின்றன. ஸ்டீல் ரிம்மோடு கீழ்நிலை மாடலை வாங்குபவர், பணம் சேர்ந்ததும் அலாய் வீல் போட விரும்புகிறார். குழியில் விழுந்து ஒரு சக்கரம் விரிசல் கண்டவர், கம்பெனி விலையைக் கேட்டுவிட்டு நம் கடைக்கு வருகிறார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் சிற்றூர்ப் பஞ்சர் கடை வரை இந்த வியாபாரம் நடக்கிறது.

வியாபாரம் வளர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது நடக்கிற விதத்தில் நமக்கு முழுத் திருப்தி இல்லை. "எந்த வண்டி சார்? அஞ்சு போல்ட்டா? உட்காரும், போட்டுக்கலாம்" என்ற இரண்டு வரிப் பேச்சில் நான்கு சக்கரங்கள் கைமாறுகின்றன. சீட் கவரையும் மிதியடியையும் அப்படி விற்கலாம். பொருந்தாத மிதியடியால் யாருக்கும் உயிர் போவதில்லை. சக்கரம் அப்படிப்பட்ட சரக்கு அல்ல என்பதே நமது கருத்து.

போல்ட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாது. போல்ட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டத்தையும் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் இதைப் பி.சி.டி. என்கிறோம். கிரெட்டாவுக்கும் பிரெஸ்ஸாவுக்கும் 5 போல்ட், 114.3 மி.மீ. டைகூனுக்கும் அதன் சகோதர வண்டியான குஷாக்குக்கும் 5 போல்ட்தான், ஆனால் 100 மி.மீ. சில ஐரோப்பிய வண்டிகளுக்கு 112 மி.மீ. இந்த 112-க்கும் 114.3-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. ஐந்து துளைச் சக்கரத்தில் அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை 1.7 ஆல் பெருக்கினால் பி.சி.டி. கிடைக்கும். 114.3-க்கு அந்தத் தூரம் 67.2 மி.மீ.; 112-க்கு 65.8 மி.மீ. வெறும் 1.4 மி.மீ. வித்தியாசத்தை டேப் காட்டாது, வெர்னியர் காட்டும். ஆகவே சக்கரம் விற்கும் கடையில் வெர்னியர் காலிப்பர் ஒன்று இருந்தே தீரவேண்டும்.

எக்கோஸ்போர்ட் வண்டியின் கதையை நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். மறைமலைநகரில் செய்யப்பட்டு நம் சாலைகளில் ஏராளமாக ஓடிய வண்டி அது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. வண்டி நின்றாலும் வாங்கியவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் பி.சி.டி. 4 போல்ட், 108 மி.மீ. நம் கடைகளில் அதிகம் இருப்பு இருக்கும் நான்கு போல்ட் சக்கரமோ 100 மி.மீ. அளவுடையது. இரண்டுக்கும் இடையில் ஒவ்வொரு துளைக்கும் 4 மி.மீ. இடைவெளி. துளையை அரைத்துப் பெரிதாக்கியோ, பக்கத்தில் புதுத் துளை போட்டோ ஏற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நட் சாய்ந்து உட்காரும். சாய்ந்து உட்கார்ந்த நட் தளரும். அல்லது ஸ்டட் முறியும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நாம் எழுத வேண்டியதில்லை. பொருத்தமான சக்கரம் கிடைக்கவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லிவிடுவதே நேர்மையான வியாபாரம்.

பி.சி.டி. சரியாக இருந்தால் எல்லாம் சரி என்பதும் இல்லை. சக்கரத்தின் நடுத்துளை இருக்கிறது. சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது ஹப். நட்டுகளின் வேலை இறுக்கிப் பிடிப்பது. கிரெட்டா, செல்டோஸ் ஹப்புக்கு 67.1 மி.மீ.; பிரெஸ்ஸாவுக்கு 60.1 மி.மீ. பி.சி.டி. ஒன்றே என்பதால் பிரெஸ்ஸா சக்கரத்தைக் கிரெட்டாவில் மாட்டப் பார்த்தால் ஹப்பில் ஏறவே ஏறாது. அதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கிரெட்டா சக்கரத்தைப் பிரெஸ்ஸாவில் மாட்டினாலோ தாராளமாக ஏறும், நட்டும் இறங்கும். தொல்லை பிறகுதான் வரும். சுற்றிலும் மூன்றரை மி.மீ. வெற்றிடம் இருப்பதால் சக்கரம் மையம் தவறி உட்காரும். வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் உதறும். வாடிக்கையாளர் திரும்பி வருவார். மூன்று முறை பேலன்சிங் செய்வோம், அலைன்மெண்ட் பார்ப்போம், கடைசியில் டயர் கம்பெனியைக் குறை சொல்வோம். சரியான அளவுள்ள சென்டர் ரிங் நான்கைப் போட்டிருந்தால் இத்தனை அலைச்சலும் மிச்சம்.

அடுத்தது ஆஃப்செட். சக்கர அகலத்தின் சரிபாதிக் கோட்டுக்கும், ஹப்போடு ஒட்டும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரம் அது. சக்கரத்தின் பின்புறம் ஈ.டி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வாடிக்கையாளர் விரும்புவதும் பெரும்பாலும் அதைத்தான். வண்டி அகலமாகத் தெரிகிறது என்பார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறரை அங்குல அகலம், ஈ.டி. 45 உள்ள சக்கரத்தைக் கழற்றி, ஏழரை அங்குலம், ஈ.டி. 35 உள்ளதைப் போடுகிறோம். ஆஃப்செட்டால் 10 மி.மீ., அகலத்தின் பாதியால் 12.7 மி.மீ., ஆகமொத்தம் 22.7 மி.மீ. வெளியே வருகிறது. உள்பக்கமும் 2.7 மி.மீ. நெருங்குகிறது. காலி வண்டியில் கடை வாசலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, பழநிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறபோது, வளைவில் டயர் ஃபெண்டரில் உரசும். வீல் பேரிங் சீக்கிரம் போகும். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் பக்கவாட்டில் இழுக்கவும் கூடும்.

எடை தாங்கும் அளவைப் பற்றி நம்மில் பலர் கேட்பதே இல்லை. கிராஸ்ஓவர் வண்டி சிறிய காரைவிடக் கனமானது. ஓர் அச்சு தாங்கக்கூடிய உச்ச எடையில் பாதியையாவது ஒவ்வொரு சக்கரமும் தாங்க வேண்டும். பின் அச்சுக்கு 940 கிலோ என்றால் சக்கரம் ஒன்றுக்குக் குறைந்தது 470 கிலோ. சிறிய காருக்காக வார்க்கப்பட்ட சக்கரம் துளைகள் பொருந்துகிறது என்பதற்காக இந்தப் பாரத்தைத் தாங்கிவிடாது. டயருக்கும் இதே விதிதான். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண் எடையைக் குறிக்கும். 94 என்றால் 670 கிலோ, 96 என்றால் 710 கிலோ. கம்பெனி போட்டுக் கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணை எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது.

டயரின் மொத்த விட்டம் பழைய அளவிலிருந்து நூற்றுக்கு மூன்றுக்கு மேல் மாறக் கூடாது என்பது தொழிலில் நெடுநாளாக உள்ள வழக்கம். 205/65 ஆர் 16 டயரின் விட்டம் ஏறக்குறைய 673 மி.மீ.; 215/60 ஆர் 17 டயரின் விட்டம் 690 மி.மீ. வித்தியாசம் இரண்டரை விழுக்காடு. கிரெட்டாவில் இந்த இரண்டையும் கம்பெனியே கொடுத்திருக்கிறது. 18 அங்குலம் வேண்டும் என்பவருக்கு 215/55 போட்டால் 694 மி.மீ. வரும், கணக்குச் சரி. அதே 18-இல் இருப்பு இருக்கிறது என்பதற்காக 235/60-ஐத் தள்ளிவிட்டால் 739 மி.மீ. ஆகிவிடும். 17 அங்குலச் சக்கரத்தோடு வந்த வண்டியில், மீட்டர் 80 காட்டும்போது முன்பு போன வேகத்தைவிட நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக வண்டி போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாது.

நட் சிறிய பொருள்தான். ஆனால் அதன் இருக்கை கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது சக்கரத்துக்குச் சக்கரம் மாறும். மரையும் மாறும். ஹூண்டாய்க்கு 12 மி.மீ. தடிமன், 1.5 மரை, மாருதிக்கு 12 மி.மீ.தான், ஆனால் 1.25 மரை. ஸ்டீல் ரிம்மில் இருந்த நட்டை எடுத்து அலாய் சக்கரத்தில் ஏற்றும்முன், இருக்கையின் வடிவம் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி அனுப்பாமல் டார்க் ஸ்பேனர் கொண்டு முடிக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை வரச்சொல்லி இறுக்கிப் பார்க்க வேண்டும். இதற்குக் காசு வாங்காதிருப்பது நம் கடைக்கே விளம்பரம்.

"இவ்வளவும் பார்த்தால் வியாபாரம் ஆகாது, நாம் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார்" என்று சில உறுப்பினர்கள் சொல்லக்கூடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. போட்டி கடுமையாகத்தான் இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே சக்கரம் வரவழைக்கும் காலம் இது. ஆனால் அதனால்தான் சொல்கிறோம்: விலையில் அவர்களோடு நாம் போட்டியிட முடியாது. வண்டியை நேரில் பார்த்து, அளந்து, மாட்டி, பொறுப்பேற்று அனுப்பக் கடைக்காரரால்தான் முடியும். அந்தப் பொறுப்பையும் விட்டுவிட்டால் வாடிக்கையாளர் நம்மிடம் வருவதற்குக் காரணமே இல்லை.

சட்டமும் முன்போல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு விற்பனையாளரும் பொறுப்பாகும் நிலைகளை அது சொல்கிறது. பொருளை மாற்றியமைத்து அந்த மாற்றமே தீங்குக்குப் பெரும் காரணமாக இருந்தாலும், தயாரித்தவர் யாரென்று தெரியாத சரக்கை விற்றிருந்தாலும் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். துளையை அரைத்துக் கொடுப்பதும், பெயரில்லாத சக்கரத்தை விற்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பில்லில் "கஸ்டமர் ரிஸ்க்" என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நம்பக் கூடாது. சக்கர ரிம்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் வெளியிட்டிருக்கிறது. கொள்முதலின்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தயாரித்தவர் பெயரையும், பில்லையும் பார்த்து வாங்குவது நமக்குத்தான் பாதுகாப்பு.

பழைய சக்கரம் விற்பதை நாம் குறை சொல்லவில்லை. புதுப்பேட்டை போன்ற இடங்களில் கம்பெனி ஒரிஜினல் சக்கரம் நல்ல நிலையில் கிடைக்கிறது. பெயர் தெரியாத புதுச் சக்கரத்தைவிட அது மேலானது. விரிசலை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துப் புதிதுபோல் ஆக்கிய சக்கரத்தைத்தான் விலக்கச் சொல்கிறோம்.

இனி நாம் செய்யவேண்டியவை. முதலாவதாக, சக்கரம் விற்கும் ஒவ்வொரு பில்லிலும் பி.சி.டி., நடுத்துளை, அகலம், ஆஃப்செட், எடை அளவு, தயாரித்தவர் பெயர் ஆகிய ஆறு விவரங்களையும் எழுதும் வழக்கத்தை உறுப்பினர்கள் மேற்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, இந்த விவரங்கள் இல்லாத சரக்கை மொத்த வியாபாரிகள் சில்லறைக் கடைக்கு அனுப்பக் கூடாது. சில்லறைக் கடைக்காரர் இறக்கவும் கூடாது. மூன்றாவதாக, டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் சக்கரத்தை முன்னும் பின்னும் ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். டயர் ஏறிய பிறகு திருப்பிக் கொடுப்பதில்தான் நமக்கும் வாடிக்கையாளருக்கும் சண்டையே வருகிறது. நான்காவதாக, நகரின் எல்லாக் கடைகளுக்கும் பயன்படும்படி, வண்டிவாரியாக அளவுப் பட்டியல் ஒன்றை நம் சங்கம் அச்சிட்டு வழங்க வேண்டும். எந்த வண்டிக்கு எது என்று தேடி அலையும் புதிய கடைக்காரர்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த நான்கையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். சக்கரம் வாங்கிப் போகிறவர் அதன்மேல் தன் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிறார். அளவுகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நமக்குத் தெரியும் என்று நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் தருகிற ரசீதுதான் சரியாக அளந்து கொடுக்கும் சக்கரம்.